ஸ்கார்பரோ பேஸ்மென்டில் மீனும் மல்லிக்கீரையும்: பாளையங்கோட்டை டீச்சருக்குப் பதில்

கேள்வி: தம்பி, நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடியில் கீரையும் காயும் போட்டுப் பழக்கம் உண்டு. மகன் டொரண்டோ ஸ்கார்பரோவில் வீடு வாங்கியிருக்கிறான். சித்திரையில் நானும் சாரும் போகிறோம், ஐப்பசியில் திரும்பிவிடுவோம். இருக்கிற ஆறு மாதத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மீன் தொட்டியும் கீரைப் படுக்கையும் சேர்ந்த அக்வாபோனிக்ஸ் ஒன்று அமைத்துக் கொடுக்க ஆசை. கராஜில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்து ஜிலேபி கெண்டை விட்டு, கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை போடலாம் என்று நினைக்கிறோம். பனிக்காலத்துக்கு ஹீட்டர் போட்டால் போதுமா? கரண்ட் எவ்வளவு ஆகும்? இதையே இங்கே மாடியிலும் செய்யலாமா?

பதில்:

டீச்சர், ஹீட்டர் போட்டால் மீன் பிழைக்கும். ஆனால் அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஜிலேபி கெண்டைக்காகத் தண்ணீரைச் சூடாக்குவதைவிட, அந்த வீட்டில் பனிக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்து நிற்கிறதோ அதில் சந்தோஷமாக இருக்கிற மீனையும் கீரையையும் தேர்ந்தெடுங்கள். தொட்டி அளவு, கரண்ட் செலவு, என்ன விதை போடுவது எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும்.

இது மாசி மாதம், அங்கே இன்னும் நல்ல குளிர். அதனால் இன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, கராஜில் ஒரு வாளித் தண்ணீரும், வீட்டுக்கு அடியில் தரைக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்டில் ஒரு வாளித் தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்து எழுதி வைக்கட்டும். நீங்கள் போய் இறங்குகிற சித்திரையில் இதை அளந்து பிரயோஜனம் இல்லை, அப்போது எல்லா இடமும் நன்றாக இருப்பது மாதிரிதான் தெரியும். டொரண்டோவில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி, சில ராத்திரிகளில் மைனஸ் 15, 20 வரை இறங்கும். ஹீட்டிங் இல்லாத கராஜ் என்றால் அந்த வாளியில் ஐஸ்தான் இருக்கும். பேஸ்மென்டில் வீட்டு ஹீட்டிங் புண்ணியத்தில் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரிக்குள் நிற்கும். நம்ம ஊர் மார்கழி விடியற்காலையே 22 டிகிரி பக்கம்தான், ஆகவே அந்த பேஸ்மென்ட் நம்ம மார்கழியைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். அதை வைத்துத் தாராளமாக வேலை செய்யலாம்.

ஜிலேபி கெண்டைக்கு அது ஆகாது. 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் தின்று வளரும், 17-க்குக் கீழே போனால் தீனி எடுக்காது, 10, 12-க்கு வந்தால் செத்துப் போகும். மீன் மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம், இந்த அமைப்பில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒரு கூட்டமும் இருக்கிறது. மீன் செவுள் வழியாக விடுகிற அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது, செடி அந்த நைட்ரேட்டைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பாக்டீரியாக்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரை தோது. 18-ல் அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடும், 10-க்குப் பக்கத்தில் கால்வாசி, 4 டிகிரியில் நின்றே போகும். மார்கழியில் தோசை மாவு புளிக்காமல் கிடக்கிற மாதிரிதான். மாவு என்றால் காத்திருக்கலாம், மீன் தொட்டியில் காத்திருக்க முடியாது. பாக்டீரியா தூங்கும்போது நீங்கள் வழக்கம்போல் தீனி போட்டுக்கொண்டே இருந்தால் அம்மோனியா தேங்கி மீனைக் கொன்றுவிடும். குளிர்ந்த நாடுகளில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பனிக்காலத்திலேயே மீனை இழப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், குளிர் நேரடியாகக் கொன்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கரண்ட் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். 300 லிட்டரை 18-லிருந்து 27-க்குக் கொண்டுபோக 2,700 கிலோ கலோரி, அதாவது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இது ஒரு தடவைச் செலவு, இதில் பயம் இல்லை. பயம் எல்லாம் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதில்தான் இருக்கிறது, ஏனென்றால் தொட்டியின் மேல்பரப்பிலிருந்து ஆவியாகப் போகிற சூடு ஒரு பக்கம், பம்பு ஏற்றுகிற தண்ணீர், மண்ணுக்குப் பதில் ஜல்லி நிரப்பிய கீரைப் படுக்கை வழியாக ஓடி ஓடிக் குளிர்ந்து திரும்புவது இன்னொரு பக்கம், ராத்திரி பகல் இது நிற்காது. லிட்டருக்கு ஒரு வாட் என்று 300 வாட் ஹீட்டர் போட்டு, அது பாதி நேரம்தான் எரிகிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல், மாதம் நூறு யூனிட்டைத் தாண்டும். இங்கே நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற நூறு யூனிட்டை அந்தத் தொட்டி ஒரே மாதத்தில் தின்றுவிடும். நீங்கள் சொன்ன ஆயிரம் லிட்டர், அதுவும் கராஜில் என்றால், இதைப்போல் பல மடங்கு.

அவ்வளவு செலவு செய்து என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வீட்டு அளவு அமைப்புகளுக்குச் சொல்கிற அளவு ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன். 300 லிட்டரில் மூன்று கிலோ, ரொம்பத் தேர்ந்தவர்கள் கையில் ஆறு கிலோ. அதுவும் பல மாதம் வளர்த்த பிறகு. நாலைந்து தடவை குழம்பு வைத்தால் தீர்ந்தது. இந்தச் சின்ன அமைப்பில் வாரா வாரம் கையில் கிடைப்பது கீரைதான், மீன் அந்தக் கீரைக்கு உரம் போடுகிற ஜீவன். இதை மனதில் வைத்துக்கொண்டால் சாப்பிடுகிற மீன்தான் வேண்டும் என்ற பிடிவாதம் தானாகக் குறைந்துவிடும்.

ஆகவே முதல் வருஷம் தங்கமீன் விடுங்கள், சாதாரண கோல்ட்ஃபிஷ். 18 டிகிரியில் நன்றாகத் தின்னும், நன்றாகக் கழிக்கும், ஹீட்டர் கெட்டுப்போகுமே என்ற கவலையே இல்லை, தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கினாலும் தீனியை நிறுத்திக்கொண்டு அடியில் கிடந்து பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகளும் ஆசையாகப் பார்க்கும். குளிர்த் தண்ணீர் என்றதும் டிரவுட் ஞாபகம் வரலாம், நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வளர்க்கிறார்களே அதே மீன்தான். அது கேட்பது 10 முதல் 16 டிகிரி, ஆக்சிஜனும் நிறைய வேண்டும். பேஸ்மென்டில் பனிக்காலம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு ஜூலையில் தண்ணீர் 21-ஐத் தாண்டும்போது திணறும், புதியவர்களுக்கு வேண்டாம். சாப்பிடத்தான் வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டால், ஒரு வருஷம் பழகிய பிறகு அந்த ஊர்ப் பேரேரிகளில் வாழ்கிற மஞ்சள் பெர்ச் பற்றி யோசிக்கட்டும், அதற்கு முன்னால் உணவுக்காக மீன் வளர்க்க உரிமம் எப்படி என்று ஒன்டாரியோ மாகாண இயற்கைவள அமைச்சகத்தில் கேட்டுவிடட்டும். எந்த மீனானாலும் சரி, வேண்டாம் என்று ஆனால் ஏரியிலோ ஓடையிலோ கொண்டுபோய் விடக் கூடாது. தங்கமீன் அந்த ஊர் நீர்நிலைகளில் பெருகிப் பெரிய தொல்லையாகியிருக்கிறது.

தொட்டி 300 லிட்டர் போதும். கீரைப் படுக்கை ஒரு சதுர மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர். இதன் கணக்கு எளிது. கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீனி போக வேண்டும் என்பது அடிப்படை. மூன்று கிலோ மீன் தன் எடையில் ஒன்றரை சதவீதம் தின்றால் 45 கிராம், சரியாகப் பொருந்துகிறது. தொடக்கத்தில் அவ்வளவு மீன் விட வேண்டாம், பாதி விட்டுப் படுக்கையிலும் பாதிதான் நடுங்கள். மண்ணில் தோட்டம் போட்டுப் பழகிய கை உங்களுக்கு, செடி வாடினால் கூடக் கொஞ்சம் உரம் போடத் தோன்றும். இங்கே கூடுதல் தீனி என்றால் கூடுதல் அம்மோனியா. ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, மீதியை வடிகட்டி எடுத்துவிட வேண்டும்.

இனி என்ன நடுவது. வெண்டையும் கத்தரியும் தண்டுக்கீரையும் வெக்கை கேட்கிற பயிர்கள், 18 டிகிரித் தண்ணீரில் வேர் விறைத்து நிற்கும், வளராது. ஆனால் மல்லிக்கீரைக்கு அந்த பேஸ்மென்ட் சொர்க்கம், டீச்சர். நம்ம மாடியில் பங்குனி பிறந்தாலே மல்லி இரண்டு இலை விட்டவுடன் பூவெடுத்துவிடுகிறது, விளாத்திகுளம் பக்கம் கரிசலில்கூட ஐப்பசி மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். அங்கே வருஷம் முழுக்க மார்கழி. விதையை இரண்டாக உடைத்துப் போட்டால் 15 முதல் 20 டிகிரியில் நன்றாக முளைக்கும். வெந்தயக்கீரை, பாலக், புதினா, லெட்யூஸ், பாக்சோய், கேல் எல்லாம் அப்படித்தான். வெண்டை ஆசையையும் விட வேண்டாம், ஜூன் பிறந்ததும் கொல்லையில் வெயில் படுகிற இடத்தில் கறுப்புத் தொட்டிகளில் போடுங்கள், செப்டம்பர் வரைக்கும் காய்க்கும். ஐப்பசியில் நீங்கள் கிளம்புமுன் அது முடிந்துவிடும், உள்ளே மல்லி தொடரும்.

வெளிச்சம் இல்லாமல் இது எதுவும் நடக்காது. டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்தான், நமக்கு அந்த நாளிலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தில் கீரை வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். நல்ல எல்.இ.டி. செடி விளக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட், டைமர் வைத்து 14 மணி நேரம், அதாவது நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள். ஹீட்டருக்குப் போகவிருந்த காசு பாதிக்கும் குறைவாகி விளக்குக்குப் போகிறது, அது கீரையாகத் திரும்பி வருகிறது.

தண்ணீர் விஷயத்தில் இங்கத்திய பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். நம்ம குழாய்த் தண்ணீரை ஒரு நாள், இரண்டு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். டொரண்டோவில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலக்கிறார்கள், அது வைத்திருந்தால் போகாது. வளர்ப்பு மீன் கடையில் குளோரமைனுக்கும் சேர்த்து என்று போட்டிருக்கிற தண்ணீர் மருந்தோ வைட்டமின் சி பொடியோ அளவு பார்த்துப் போட வேண்டும். மற்றபடி அது ஓரளவு கடினத்தன்மை உள்ள ஏரித் தண்ணீர், நம்ம போர் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது ஒரு வரம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பி.எச். ஆரம்பத்தில் ஏழரைக்குப் பக்கத்தில் இருக்கும், பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தானாக இறங்கும், ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஜல்லி வாங்கும்போது நாலு கல்லை எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். தாழையூத்துப் பக்கம் நமக்கு இருப்பதுபோல் தெற்கு ஒன்டாரியோவிலும் சுண்ணாம்புப் பாறை நிறைய. அந்தக் கல் படுக்கையில் இருந்தால் பி.எச். இறங்கவே இறங்காது, இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காமல் குருத்து இலை மஞ்சளிக்கும். அப்புறம், செம்புப் பாத்திரம், பித்தளைக் குழாய், துத்தநாகம் பூசிய தகரம் எதுவும் அந்தத் தண்ணீரில் படக் கூடாது. நமக்கு நல்லது என்று நாம் நினைக்கிற செம்பு மீனுக்கு விஷம்.

நாள் கணக்குதான் இதில் உங்களுக்குப் பெரிய அனுகூலம். சித்திரைக் கடைசியில், அங்கே மே மாதம், தொட்டியை நிரப்பிப் பம்பை ஓட விடுங்கள். மீன் இல்லாமலே கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவில் வைத்து, சோதனைக் கிட்டில் நாள்தோறும் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் ஏறும். 25 டிகிரி என்றால் நாலைந்து வாரத்தில் முடியும், 18-ல் ஆறேழு வாரம், எட்டு வாரம்கூட ஆகலாம். அவசரப்படாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன். அப்படியென்றால் ஆனி பாதியில் மீன் உள்ளே வரும், பனி தொடங்குகிற கார்த்திகைக்குள் பாக்டீரியா ஜல்லி முழுக்கப் பிடித்துக் குளிரைத் தாங்குகிற பலத்தோடு இருக்கும். இதையே புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கினால் பனிக்காலம் முழுக்கத் தவிப்புதான். குளிரில் நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. ஒரே பி.எச்.சில் 28 டிகிரியைவிட 18 டிகிரியில் அம்மோனியாவின் விஷப் பங்கு பாதிதான், தண்ணீரில் கரைகிற ஆக்சிஜனும் அதிகம்.

கரண்ட் போவதைப் பற்றி மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2013 டிசம்பரில் உறைபனி மழை பெய்து டொரண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அணைந்தன, சில வீடுகளுக்குப் பல நாள் கழித்துத்தான் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, நாம் இங்கே இருட்டில் கிடந்தது உங்களுக்குத் தெரியும், அங்கே அதோடு மைனஸ் குளிரும் சேரும். பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்று தொட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் தீனி கிடையாது. தங்கமீனுக்கு அது போதும், ஜிலேபி கெண்டை வைத்திருந்தால் தண்ணீர் குளிரக் குளிர எல்லாம் போய்விடக்கூடும்.

பேஸ்மென்டில் தண்ணீர் ஆவியானால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்குத் தொட்டியை மூடி வையுங்கள், தெர்மோகோல் பலகையால் சுற்றிவிடுங்கள், ஈரப்பதம் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று மாட்டுங்கள். எடை 300 லிட்டர், ஜல்லி எல்லாம் சேர்த்து அரை டன்னுக்கு மேல் வரும், கான்கிரீட் தரை தாங்கும், மேல்தளத்து மரத் தரையில் வைக்க வேண்டாம். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற நம்ம ஊர் ஈ.எல்.சி.பி. மாதிரி அங்கே ஜி.எஃப்.சி.ஐ. என்று ஒரு பிளக் உண்டு, மோட்டாரும் விளக்கும் அதில்தான் சொருக வேண்டும், பிள்ளைகள் கை விடுகிற தண்ணீர் அது.

பாளையங்கோட்டை மாடிக்கு இந்தத் திட்டத்தை அப்படியே கொண்டுவராதீர்கள், இங்கே கணக்கைத் தொடங்க வேண்டியது அக்னி நட்சத்திரத்திலிருந்து. வெயிலில் நிற்கிற கறுப்பு டேங்கில் அப்போது கை வைக்க முடியாது. வெள்ளைத் தொட்டி, நிழல் வலை, காற்றுப் பம்பு, ஆடிக் காற்றில் பறக்காத பந்தல், கார்த்திகை மழையில் வழிந்து ஓட வழி, இவைதான் இங்கே முக்கியம். ஜிலேபி கெண்டைக்கு இதுதான் சரியான இடம், வளர்க்க என்ன அனுமதி வேண்டும் என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திரும்பி வந்த பிறகு எழுதுங்கள், அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒன்று மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள், டீச்சர். கஷ்டமான மாதங்கள் தொடங்கும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை அந்தத் தொட்டியைப் பார்க்கப்போவது வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிற மகனும் மருமகளும்தான். அவர்களால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முடியாது என்றால் 300 லிட்டரையும் 100 ஆக்கிவிடுங்கள், தப்பே இல்லை, மல்லியும் புதினாவும் அதிலும் வரும். ஆடியிலிருந்தே தீனி போடுவதையும் தண்ணீர் சோதிப்பதையும் அவர்கள் கையில் விட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், பெரிய பேரனுக்கு நோட்டுப் போட்டுக் கொடுத்து வெப்பநிலையை எழுதச் சொல்லுங்கள்.

விதை எதுவும் பெட்டியில் கட்ட வேண்டாம், விமான நிலையத்தில் அதற்கு விதிமுறைகள் உண்டு. ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை, முழு மல்லியும் வெந்தயமும் அங்கேயே வாங்கி ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு விதையுங்கள். வாளித் தண்ணீர் அளவுகள் வந்ததும் அனுப்புங்கள், பேஸ்மென்டில் 14-க்குக் கீழே காட்டினால் கீரை வகையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.